காதல் நாவலில் இடையூறு

மிகுதியாக வாசிக்கப்படுவதும் மிகக் குறைவாக மதிக்கப்படுவதுமான நூல்வகை ஒன்று உளதெனின் அது காதல் நாவலேயாகும். படிப்போர் பலர் அதன் அட்டைக்கு உறையிட்டு மறைத்துப் படிக்கின்றனர். படியாதோரோ படித்தோரினும் துணிவாக அதன்மீது தீர்ப்புக் கூறுகின்றனர். துப்பறியும் நாவலைக் கையிற் கொண்டு புகைவண்டியில் அமர்ந்திருக்கும் பேராசிரியரை எவரும் எள்ளுவதில்லை. காதல் நாவலை வைத்திருக்கும் மாணவியைக் கண்டு நகையாதார் சிலரே. இவ்விரு வகையும் தம் முடிவை முன்னரே உணர்த்திவிடும் கதைகள். ஒன்றிலே குற்றவாளி அகப்படுவான். மற்றதிலே காதலர் கூடுவர். அவ்வாறாகவும், ஒன்று அறிவுக்கு விருந்தெனவும் மற்றது அறிவின்மைக்குச் சான்றெனவும் கொள்ளப்படுதல் யாதுபற்றி என்பது ஆராயத்தக்கது.

காதல் நாவல்மீது சுமத்தப்படும் குற்றங்கள் இரண்டு. முடிவு தெரிந்திருத்தலின் அதிற் கலைக்கு இடமில்லை என்பது ஒன்று. வாழ்க்கையிற் கிட்டாத இன்பத்தைக் காட்டி வாசகரை, சிறப்பாகப் பெண்களை, மயக்குகின்றது என்பது மற்றது. இவற்றை எழுந்தமானமாகத் தள்ளுதலும் எழுந்தமானமாக ஏற்றலும் ஒருங்கே தவறாகும். இவ்வகை நாவல் நெடிய வரலாறு பெற்றிருப்பதும், அதன் நன்மை தீமைகள் வாசகராலேயே வெளிப்படையாக வாதிக்கப்பட்டு வருவதும் ஆங்கில மொழியிலாதலின், அம்மொழி நாவல்கள் சிலவற்றைக் கொண்டு இவ்விரு குற்றச்சாட்டுக்களையும் நோக்குதல் பொருத்தமுடைத்து.

முதலாவது குற்றச்சாட்டு, தமிழிலக்கியம் பயில்வோர்க்கு வியப்பளித்தல் வேண்டும். அகத்திணைச் செய்யுளினுங் கட்டுப்பாடு மிக்க காதலிலக்கியத்தைக் காண்டல் அரிது. அங்கே தலைவன் தலைவியரின் இயற்பெயரைச் சுட்டுதல் ஆகாது. நிலமும் பொழுதும் கருப்பொருளும் திணைக்குத் திணை வரையறுக்கப்பட்டுள்ளன. பேசுதற்குரியோர் இன்னார், அவர் பேசும் இடம் இன்னது என்னும் விதிகள் உள. காட்சி, குறியிடம், அலர், இற்செறிப்பு, அறத்தொடு நிற்றல், உடன்போக்கு, வரைவு எனத் துறைகள் ஒன்றன்பின் ஒன்றாக வகுக்கப்பட்டுள்ளன. குறுந்தொகையின் நானூறு பாட்டையும் படித்தவர் எவரும் ‘இவை யாவும் ஒரே கதை’ என்று நூலை மூடிவைத்ததில்லை. மரபு இறுகியிருத்தலாலேயே புலவன் செய்யும் சிறு மாற்றமும் பெரும் பொருள் பயக்கின்றது. ஆதலின் வாய்பாடு உளது என்பதொன்றே ஒரு நூல்வகையை இழித்தற்குப் போதிய காரணமாகாது.

அமெரிக்க ஆய்வாளர் பமெலா றீஜிஸ் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே ஆங்கிலக் காதல் நாவலுக்கு எட்டு உறுப்புக்கள் உள எனக் காட்டினார். காதலர் வாழும் சமுதாயம், அவர்தம் சந்திப்பு, இடையூறு, ஈர்ப்பு, காதலை வெளியிடல், கூட்டம் இனி இல்லையெனத் தோன்றும் இறப்பொத்த நிலை, தடையை நீக்கும் உண்மையை உணர்தல், மணவொப்பந்தம் என்பன அவை. அகத்துறைகளோடு இவற்றை ஒப்பிட்டு நோக்குவார்க்கு ஒற்றுமை பல தோன்றும். வேற்றுமை ஒன்றும் தோன்றும். அகப்பாட்டு ஒரு கணத்தில் நின்றுவிடுகின்றது. இரவுக்குறியில் நிற்குந் தலைவன் அப்பாட்டினுள் என்றும் அங்கேயே நிற்பான். நாவலோ சந்திப்பிலிருந்து மணம்வரை கதையை நடத்திச் செல்லுங் கடப்பாடு உடையது. இவ்விருவரும் ஒருவரை ஒருவர் விரும்புவராயின் இன்றே மணந்துகொள்ளத் தடை யாது என்னும் வினாவுக்கு முந்நூறு பக்கங்களுக்குக் குறையாத விடையை அது கூறியாதல் வேண்டும்.

அவ்விடையே இடையூறு. காதல் நாவலின் உயிர்நிலை இதுவேயாம். முடிவு உறுதியாயிருத்தலின், என்ன நிகழும் என்பதை அறிதற்காக எவரும் இந்நாவலைப் படிப்பதில்லை. அஃது எவ்வாறு நிகழும், என்ன விலைக்கு நிகழும், அவ்விலையை யார் கொடுப்பர் என்பவற்றை அறியவே படிக்கின்றனர். இடையூற்றை மூன்றாகப் பகுத்தல் கூடும். குலம், செல்வம், சட்டம், கடமை முதலியன புறத்தடை. செருக்கு, அச்சம், பழந்துயர், தன்னிழிவு முதலியன அகத்தடை. அரைகுறையாகக் கேட்ட பேச்சு, காலத்தாற் கிடையாத கடிதம், ஒரு நிமிடம் வாய்திறந்து கேட்டிருந்தால் நீங்கியிருக்கக்கூடிய ஐயம் என்பன பொய்த்தடை. முன்னைய இரண்டினாலும் எழுந்த நாவல் நிலைபெறும். மூன்றாவதை மட்டும் நம்பி எழுந்த நாவலை மூடியவுடன் மறந்துவிடலாம்.

இவ்வகையின் தலைசிறந்த சான்றாக 1813இல் வெளிவந்த ஜேன் ஒஸ்ரினின் ‘பிரைட் அன்ட் பிரெஜுடிஸ்’ இன்றும் நிற்கின்றது. எலிசபெத்துக்கும் டாசிக்கும் இடையே செல்வ வேறுபாடு பெரிது. ஆயினும் அவனுடைய முதல் வேண்டுகோளை அவள் மறுப்பதற்குக் காரணம் அவ்வேறுபாடு அன்று. தன் குடும்பத்தை இழித்துக்கொண்டே தன்னை மணக்க விரும்புவதாக அவன் கூறியமையும், தன் தமக்கையின் வாழ்வைக் கெடுத்தான் என்னும் சினமும், விக்கம் என்பான் சொன்ன பொய்யை அவள் நம்பியமையுமே காரணங்கள். மறுநாள் அவன் கொடுக்கும் கடிதத்தை அவள் மீண்டும் மீண்டும் படிக்கின்றாள். முதலில் அவனைப்பற்றிய தன் தீர்ப்பு மாறுகின்றது. பின்னர்த் தன்னைப்பற்றிய தீர்ப்பே மாறுகின்றது. இத்தடை வெளியார் எவராலும் நீக்கத்தக்கதன்று. இருவரும் தத்தம் குறையை உணர்ந்தாலன்றி மணம் இல்லை. நாவலின் இன்ப முடிவு வாசகர்க்கு நிறைவளித்தல், அஃது உழைத்துப் பெற்ற முடிவாதலினாலேயே.

சாலட் புறொன்ரியின் ‘ஜேன் அயர்’ (1847) இன்னும் கடிய வினாவை எழுப்புகின்றது. மணச்சடங்கின் நடுவே, றொச்செஸ்ரருக்கு மனைவி ஒருத்தி உயிரோடிருக்கின்றாள் என்பது வெளிப்படுகின்றது. ஜேன் அவனைக் காதலித்தும் இரவோடிரவாக வெளியேறிப் பசியால் வருந்தி அலைகின்றாள். அன்பில்லாத மற்றொரு மணத்தையும் மறுக்கின்றாள். ஈற்றில் தனக்கெனப் பொருளுடையவளாய், தன் விருப்பால் மீள்கின்றாள். இவ்வளவும் மெய்யே. எனினும் அவள் மீளும்பொழுது தடையாயிருந்த மனைவி தீயில் மாண்டு வழி திறந்திருக்கின்றது. ஒருத்தியின் இன்பத்துக்கு மற்றொருத்தியின் சாவு விலையாயிற்று. மேற்கிந்தியத் தீவிற் பிறந்த ஜீன் றிஸ் என்னும் எழுத்தாளர் 1966இல் ‘வைட் சர்கசோ சீ’ என்னும் நாவலிலே அம்மனைவியின் கதையை அவள் பக்கம் நின்று கூறியமைக்கு இக்குறையே தூண்டுகோலாயிற்று எனலாம். விலையை யார் கொடுத்தார் என்னும் வினா காதல் நாவலுக்குப் புறம்பானதன்று என்பதற்கு இஃது ஒரு சான்று.

இருபதாம் நூற்றாண்டிற் காதல் நாவல் பெருந் தொழிலாக வளர்ந்தது. 1908இல் இலண்டனில் நிறுவப்பட்ட மில்ஸ் அன்ட் பூன் பதிப்பகம் முதலிற் பலவகை நூல்களையும் வெளியிட்டது. 1930களிலேதான் காதல் நாவலைத் தன் தனித்துறையாகக் கொண்டு, வாடகை நூலகங்கள் வாயிலாக வாசகரைச் சென்றடைந்தது. கனடாவில் 1949இல் தொடங்கிய ஹாலிகுவின் நிறுவனம் 1957 முதல் அந்நூல்களை மறுபதிப்புச் செய்து, 1971இல் அப்பதிப்பகத்தையே வாங்கிற்று. இலங்கையின் ஆங்கில வாசகரும் இம்மெல்லிய நூல்களை நன்கறிவர். மாதந்தோறும் பல நாவல் வேண்டப்படுமிடத்து மெய்யான இடையூறு மாதந்தோறும் கிடைப்பது அரிது. அதனாலே பொய்த்தடைகள் மலிந்தன. கதைத்தலைவன் காரணமின்றிச் சினப்பான். கதைத்தலைவி காரணத்தைக் கேளாது அழுவாள். ஈற்றயற் பக்கத்தில் ஒரு வாக்கியம் யாவற்றையும் தீர்க்கும். இவ்வகை நூல்கள்மீது சாற்றப்படும் கண்டனம் நியாயமானதே. ஆயினும் கண்டிக்கப்பட வேண்டியது இன்ப முடிவு அன்று, அம்முடிவை மலிவாக்கிய தடையேயாகும்.

இதனினும் பெரிய குறை ஒன்று உளது. 1972இல் அமெரிக்காவில் வெளிவந்த கத்லீன் வூடிவிஸின் ‘த ஃபிளேம் அன்ட் த ஃபிளவர்’ இலட்சக்கணக்கிற் விற்பனையாகிப் பல நாவல்களுக்கு முன்மாதிரியாயிற்று. அதன் தொடக்கத்திலே தலைவன் தலைவியைப் பொதுமகளெனத் தவறாக எண்ணி வலிந்து கொள்கின்றான். பின்னர் அவர்களிடையே காதல் மலர்வதாகக் கதை செல்கின்றது. அன்பின் ஐந்திணையிலிருந்து பெருந்திணையைப் பிரித்து வைத்த தமிழிலக்கண மரபு இங்கு நினைவுகூரத்தக்கது. தேறுதலிழந்த காமத்தையும் வலிந்து கொள்ளுங் காமத்தையும் அம்மரபு அறியாமலில்லை; அவற்றுக்குப் பெயரும் இடமும் கொடுத்தது. ஆனால் ஒத்த அன்பின் வரிசையில் அவற்றை வைக்க அஃது உடன்படவில்லை. வன்முறையை இடையூறாகக் காட்டிப் பின் அதனையே காதலின் தொடக்கமெனக் கொண்டாடும் நாவல், பெருந்திணையை ஐந்திணையென மயங்கச் செய்கின்றது. வாசகர் மயங்குகின்றனர் என்னும் இரண்டாவது குற்றச்சாட்டு வலுப்பெறும் இடம் இதுவே.

எனினும் வாசகர் அவ்வளவு எளிதில் மயங்கினரா என்பதும் வினவற்பாலது. ஜனிஸ் றாட்வே என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1984இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையிற் புதுவழி திறந்தது. நூல்களை மட்டும் நோக்காது, மத்திய மேற்கு நகரொன்றிலே அவற்றைப் படித்த பெண்களிடமே அவர் சென்று வினவினார். அப்பெண்கள் நல்ல நாவலையும் தீய நாவலையும் தெளிவாக வேறுபடுத்தினர். கொடுமை செய்யுந் தலைவனை அவர் வெறுத்தனர். அறிவுடைய தலைவியையும் அவளைப் பேணத்தெரிந்த தலைவனையும் விரும்பினர். மேலும், நாள் முழுவதும் கணவர்க்கும் பிள்ளைகளுக்கும் உழைக்கும் தாம், புத்தகத்தைத் திறந்த அவ்வேளையை மட்டும் தமக்கென வைத்திருப்பதாகக் கூறினர். றாட்வே அவர்களை முற்றாகப் புகழவில்லை. இவ்வாசிப்பு மனக்குறையை ஆற்றி, குறைக்குக் காரணமான வாழ்க்கையை மாற்றாமல் விட்டுவிடவுங் கூடும் என அஞ்சினார். அவ்வச்சம் நியாயமானதே. ஆயினும் வாசகர் சுவையறியாதார் என்னும் கருத்து அவ்வாய்வோடு நிலைகெட்டது. வலிந்து கொள்ளுந் தலைவன் பிற்கால நாவல்களில் அருகியதற்கு வாசகரின் இத்தேர்வும் ஒரு காரணமெனக் கொள்ளுதல் பிழையாகாது.

அண்மைக்கால நாவல்களை இவ்வளவுகோலாலே மதிப்பிடலாம். அவற்றுள் முதலில் வைக்கத்தக்கது பெவலி ஜென்கின்ஸ் 1996இல் எழுதிய ‘இன்டிகோ’ ஆகும். இன்டிகோ என்பது அவுரிச் சாயம். அடிமையாய் அச்சாயத்தில் உழைத்தமையால் என்றும் மாறாத நீலக்கறை படிந்த கைகளையுடையவள் தலைவி ஹெஸ்ரர். விடுதலை பெற்ற அவள் மிச்சிகன் மாநிலத்திலே தப்பியோடி வரும் அடிமைகளைத் தன் வீட்டில் மறைத்துக் காக்கின்றாள். 1850ஆம் ஆண்டுச் சட்டம், தப்பியோடியவரை வடமாநிலங்களிலும் பிடித்துக் கொடுக்க இடமளித்த காலம் அது. அவளிடம் காயமுற்று வந்து சேருங் கேலன் செல்வக் குடியிற் பிறந்தவன். அடிமைகளைக் காக்கும் பணியிற் புகழ்பெற்றவன். ஹெஸ்ரரின் தந்தையோ சுதந்திர மனிதனாயிருந்தும், அடிமைப் பெண்ணொருத்தி மீது கொண்ட காதலால் தன்னைத்தானே அடிமையாக விற்றவன். காதல் என்ன விலை கேட்கும் என்பதைப் பிறப்பிலேயே அறிந்த பெண், அவ்விலைக்கு அஞ்சுதல் இயல்பு. இங்குப் புறத்தடையும் அகத்தடையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

இந்நாவல் இரண்டாவது குற்றச்சாட்டுக்கும் விடை கூறுகின்றது. இன்ப முடிவு வாழ்க்கைக்குப் புறம்பு என்பார், யாருடைய வாழ்க்கைக்குப் புறம்பு எனவும் கூறுதல் வேண்டும். அமெரிக்க அடிமைகளின் மணத்துக்குச் சட்டவலு இருந்ததில்லை. கணவனை ஓரிடத்தும் மனைவியை வேறோரிடத்தும் விற்றுவிட முடிந்தது. அத்தகையோரின் வழித்தோன்றலுக்கு, கறுப்பின ஆணும் பெண்ணும் மணந்து தம் இல்லத்தில் அச்சமின்றி வாழ்ந்தனர் என்னுங் கதை வெறும் இனிப்புப் பண்டம் ஆகாது. அஃது ஓர் உரிமைக்கூற்று. இத்தகைய எழுத்தாளர்க்கு அவ்வுலகிலேயே உரிய மதிப்பு எளிதிற் கிடைக்கவில்லை என்பதும் குறிக்கத்தக்கது. 1980இல் நிறுவப்பட்ட அமெரிக்கக் காதல் நாவலாசிரியர் சங்கத்தின் பரிசு, கறுப்பின எழுத்தாளர்க்கு முதன்முதலாகக் கிடைத்தது 2019இலேதான்; அவ்வாண்டு கெனடி றையன் அப்பரிசைப் பெற்றார். யார் இன்பமாக வாழத்தக்கவர் என்பதைப்பற்றி இந்நூல்வகை நெடுங்காலம் குறுகிய எண்ணம் கொண்டிருந்தமைக்கு இது சான்று.

அவ்வெல்லை விரிதலுக்கு ஹெலன் ஹுவாங் எழுதிய ‘த கிஸ் கோஷன்ட்’ (2018) மற்றோர் எடுத்துக்காட்டு. பொருளியற் கணிப்பில் வல்லவளான தலைவி ஸ்ரெல்லா ஓட்டிசம் உடையவள். பிறரோடு பழகுதல் அவளுக்கு அரிதாயிருக்கின்றது. ஆசிரியர் தாமும் வளர்ந்த பின்னரே தம்மிடம் அவ்வியல்பு இருப்பதை அறிந்துகொண்டவர். ஸ்ரெல்லா தன்னிடம் ஏதோ பழுதுள்ளது, அதனைப் பயின்று திருத்திக்கொண்டாலன்றி அன்பு கிட்டாது என நம்புகின்றாள். மைக்கல் என்பானோ தன் தந்தையின் வஞ்சகக் குருதி தன்னிடமும் ஓடுகின்றது என்று அஞ்சுகின்றான். கதை தொடங்கும் முறை நாணத்தக்கதெனச் சில வாசகர் முகஞ்சுளிக்கக்கூடும். பணத்துக்குத் துணைசெல்லுந் தொழிலினனாகிய அவனைத் தலைவி ஆசிரியனாக அமர்த்திக்கொள்வதே அதன் தொடக்கம். ஆயினும் அது சென்றடையும் இடம் தெளிவானது. பிறர்க்காகத் தன்னை மாற்றிக்கொள்ளும் முயற்சியைக் கைவிட்ட பின்னரே அவளுக்கு அமைதி கிடைக்கின்றது. தலைவி அழகியாக மாறினால் மணம் கிட்டும் என்னும் பழங்கதையை இது தலைகீழாக்குகின்றது.

புகழ் யாவும் தகுதிக்கு அறிகுறியல்ல என்பதற்கு ஜூலியா குவினின் ‘த டியூக் அன்ட் ஐ’ (2000) சான்றாகும். 2020 டிசம்பரில் ‘பிரிட்ஜர்டன்’ என்னும் திரைத்தொடராக வெளிவந்தபின் இந்நூலை அறியாதார் குறைவு. இதன் இடையூறு மெய்யானது. திக்குவாயனெனத் தன்னை வெறுத்த தந்தைமீது கொண்ட பகையால், அவன் குலம் தன்னோடு அழியவேண்டும், தனக்குப் பிள்ளை வேண்டா எனச் சூளுரைத்தவன் சைமன். டஃப்னியோ தாய்மையை விரும்புபவள். ஆனால் அத்தடை நீங்கும் முறையில் நாவல் சறுக்கிவிடுகின்றது. மதுமயக்கத்திலிருக்கும் கணவனை அவன் இசைவின்றி மனைவி தன் நோக்கத்துக்குப் பயன்படுத்துகின்றாள். வாசகர் பலர் இக்காட்சியைக் கண்டித்துள்ளனர். அவர் கண்டித்தது சரியே. வலிந்து கொள்ளல் ஆண் செய்யிற் குற்றம், பெண் செய்யின் விளையாட்டு என்னும் நீதி இல்லை. அதனினும், அச்செயலின் கனத்தை நாவல் உணர்ந்ததாகத் தோன்றவில்லை என்பதே இலக்கியக் குறை. தவறு நிகழும் கதை குறையுடையதாகாது. தவறைத் தவறென அறியாத கதையே குறையுடையது.

இன்ப முடிவையே வினாவாக்கியவர் எமிலி ஹென்றி. அவரது ‘பீச் றீட்’ (2020) என்னும் நாவலின் தலைவி தானும் ஒரு காதல் நாவலாசிரியை. தந்தை இறந்த பின்னர் அவருக்கு வேறொரு பெண்ணின் தொடர்பு இருந்தமை தெரியவருகின்றது. தன் பெற்றோரின் மணவாழ்வையே நல்ல காதலுக்கு இலக்கணமாகக் கொண்டிருந்த அவளால் இனி அத்தகைய கதை எழுத இயலவில்லை. அயல்வீட்டிலிருப்பவனோ துன்ப முடிவையே உண்மையென நம்பும் நாவலாசிரியன். இருவரும் ஒருவர் துறையை மற்றவர் எழுதுவதாகப் பந்தயம் கட்டுகின்றனர். இங்குத் தடை நம்பிக்கை இழப்பு. தந்தை குற்றமற்றவர் என்று காட்டி நாவல் அதனைத் தீர்க்கவில்லை. குற்றமுடைய ஒருவரும் மெய்யாக அன்பு செய்திருக்கலாம் என்னும் உணர்வுக்குத் தலைவியை அழைத்துச் செல்கின்றது. இது முதிர்ந்த முடிவு. அவரது ‘புக் லவ்வர்ஸ்’ (2022) தொடக்கத்தில் இதனினுங் கூர்மையானது. நகரத்துத் தொழிற்பெண்ணைக் கைவிட்டுச் சிற்றூர்ப் பெண்ணை நாயகன் மணக்கும் வழக்கமான கதையிலே, கைவிடப்பட்டவளின் பக்கமிருந்து கதை சொல்லப்படுகின்றது. தொழிலை அவள் துறக்கவேண்டியதில்லை என நாவல் நிலைநாட்டுவதும் நன்று. ஆனால் அவளுக்குத் தொழில் நகரத்தில், அவனுக்குப் பெற்றோர் கடமை சிற்றூரில் என எழுந்த மெய்யான தடை, தங்கை அச்சிற்றூருக்குக் குடிபெயர்ந்து அக்கடமையில் ஒரு பங்கைத் தாங்குவதனாலே நீங்குகின்றது. காதலர் கொடுக்கவேண்டிய விலையை மற்றொருத்தி கொடுத்தாள். முடிவு இனிது, ஆயினும் சற்றே மலிவு.

இவற்றினின்றும் வேறாக நிற்பது கொலீன் ஹூவரின் ‘இற் என்ட்ஸ் வித் அஸ்’ (2016). லிலி காதலித்து மணந்த மருத்துவன் அவளை அடிக்கின்றான், வருந்துகின்றான், மீண்டும் அடிக்கின்றான். மகள் பிறந்தபின் அவள் அவனை நீங்குகின்றாள். தன் தாய் பட்டதைத் தான் கண்டு வளர்ந்தது போலத் தன் மகளும் காணலாகாது என்பது அவள் துணிவு. இந்நாவல் கொடுமையை அழகுபடுத்துகின்றது என்பாரும், கொடுமையிலிருந்து நீங்கும் துணிவைத் தருகின்றது என்பாரும் உளர். இரு சாராரிடத்தும் உண்மை உண்டு. முன்பகுதியில் அவன் கோபமும் பற்றும் பழைய காதல் நாவல்களின் தலைவனுக்குரிய அணிகளோடு தீட்டப்பட்டுள்ளன. அதனாலேயே பின்பகுதி வாசகரைச் சுடுகின்றது. தான் எவ்விடத்தில் அபாயத்தைக் காதலென எண்ணினாள் என்பதை வாசகி தன்னையே கேட்டுக்கொள்ள நேர்கின்றது. எல்லாத் தடையும் கடத்தற்குரியதன்று. சில தடைகள், திரும்பிப் போ என்னும் எச்சரிக்கை. காதல் நாவல் தன் வாய்பாட்டைத் தானே மறுத்து இவ்வுண்மையைக் கூறியது ஒரு முன்னேற்றமே.

இவ்வளவு கூறியபின்னும் ஆங்கிலக் காதல் நாவலின் பொதுக்குறை ஒன்று எஞ்சுகின்றது. அது களவின் இலக்கியம். கற்பை அது பெரும்பாலும் தொடுவதில்லை. திருவள்ளுவர் இன்பத்துப்பாலின் இருபத்தைந்து அதிகாரங்களுட் களவியலுக்கு ஏழும் கற்பியலுக்குப் பதினெட்டும் வகுத்தார். ஈற்றதிகாரத்தை ஊடலுவகைக்கு ஈந்தார். கூடியபின் வரும் பிரிவும் வருத்தமும் பிணக்கும் காதலுக்குப் புறம்பல்ல, அவையே அதன் பெரும்பகுதி என்பது அவர் துணிபு. ஆங்கில நாவலோ மணவொப்பந்தத்தோடு திரையை வீழ்த்தி, பின்னுரையாக ஒரு குழந்தையைக் காட்டி விடைபெறுகின்றது. மணத்தைக் கதையின் நடுவிலே வைக்கும் நாவல்கள் உளவெனினும் அவை சிலவே. பத்தாண்டு மணவாழ்வின் பின் ஊடி, உணர்ந்து, கூடும் இருவரைப்பற்றி எழுத வல்லார் இத்துறையிற் பெருகுவராயின் அதன் தரமும் பெருகும்.

தமிழ்க் காதல் நாவலுக்கும் இவ்வளவுகோல் பொருந்தும். 1914இல் யாழ்ப்பாணத்தில் மங்களநாயகம் தம்பையா எழுதிய ‘நொறுங்குண்ட இருதயம்’ மணத்தின்பின் ஒரு பெண் படும் துன்பத்தையே பொருளாகக் கொண்டது. ஈழத்துத் தமிழ் நாவல் தன் இளமையிலேயே கற்பின் பக்கம் திரும்பியமைக்கு அது சான்று. திரிபுரசுந்தரி என்னும் இயற்பெயருடைய மருத்துவர் லட்சுமியின் நாவல்களைத் தாயும் மகளும் ஒருங்கே படித்த காலம் ஒன்றிருந்தது. 1984இல் சாகித்திய அக்கடமிப் பரிசும் அவரை வந்தடைந்தது. நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதிய ரமணிசந்திரனோ பெருந்தொகை வாசகரைப் பெற்றும் திறனாய்வாளரின் மௌனத்தையே பெற்றார். அவருடைய தலைவியர் தன்மானம் உடையோர். அதுவே அவர்தம் கவர்ச்சி. ஆனால் தலைவியின் ஒழுக்கத்தின்மீது தலைவன் கொள்ளும் ஐயமே பலகால் தடையாக வருதல் குறையாகும். சுடுசொல்லாற் புண்பட்டவளுக்கு, உண்மை தெரிந்தபின் அவன் கூறும் இரண்டொரு வார்த்தை ஈடாகுமா என்னும் வினாவை அந்நாவல்கள் போதியளவு கேட்பதில்லை. அவ்வினாவைக் கேட்டிருக்க வேண்டியவர் திறனாய்வாளரே. அவர் நகைத்துவிட்டு அகன்றமையால் எழுத்தாளரும் திருந்த வாய்ப்பில்லை. வாசகரும் தெளிய வழியில்லை.

நகைப்பினால் நேரும் கேடு அதனினும் பெரிது. காதல், மணம் என்பன ஒருவர் வாழ்நாளிற் செய்யுந் தேர்வுகளுட் தலையாயவை. பள்ளி அவற்றைப்பற்றிப் பேசுவதில்லை. வீட்டிலும் வெளிப்படையான பேச்சு அரிது. இளையோர் பலர் அன்பு எத்தகையது, எதைப் பொறுக்கலாம், எதைப் பொறுக்கலாகாது என்பனவற்றை இக்கதைகளிலிருந்தே அறிந்துகொள்கின்றனர். சினத்தைக் காதலெனக் காட்டும் நூலும், ஒருவரையொருவர் மதித்தலைக் காதலெனக் காட்டும் நூலும் ஒரே அலுமாரியில் ஒரேவகை அட்டையோடு இருக்கின்றன. அவற்றை வேறுபடுத்தும் பயிற்சியை மாணவர்க்கு அளிக்க வேண்டியவர், எல்லாம் குப்பையெனக் கூறி ஒதுங்குவாராயின், அவர் அக்குப்பையையே வளர்த்தவராவர். இவ்விருவரைப் பிரிப்பது யாது, அது மெய்யா, அதனை நீக்க யார் என்ன கொடுத்தார் என்னும் மூன்று வினாக்களோடு ஒரு மாணவி காதல் நாவலைத் திறப்பாளாயின், அதன் அட்டைக்கு உறையிட வேண்டிய தேவை அவளுக்கு இராது.